எரிமீனும் உருகும் பனியும்

வானத்தை நம்பி வாழ்ந்த குடியிற் பிறந்து, வானமே கண்ணிற் படாத நகரில் வந்து குடியேறியவர்கள் நாம். மாதுங்காவின் பழைய மாடி வீடுகளில் வாழ்வோராயினும், தாராவியின் சந்துகளில் தகரக் கூரையின்கீழ் வாழ்வோராயினும், செம்பூரின் அடுக்குமாடிகளில் வாழ்வோராயினும், சென்ற ஒரு திங்களில் நம்மில் எத்தனை பேர் தலை நிமிர்ந்து ஒரு விண்மீனையேனும் பார்த்தோம் என்று கேட்டால் விடை கூறத் தயங்குவோம். மழை வருமா என்று அறிவதற்குக்கூட இன்று நாம் வானத்தைப் பார்ப்பதில்லை, கைப்பேசியைப் பார்க்கிறோம்.

சங்க மலர்களில் மூதாதையர் பெருமையும் மொழியின் தொன்மையும் பேசப்படுவது வழக்கம். அவை பேசப்பட வேண்டியவையே. நாங்கள் இம்முறை சொல்ல விழைவது ஓர் இரவின் கதை. எங்கள் பேத்தி கேட்ட ஒரு கேள்வியின் கதை. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது எங்களுக்கே பின்னர்தான் விளங்கிற்று.

எங்கள் தகப்பனார் நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து 1954-ஆம் ஆண்டில் தாராவிக்கு வந்தார். தோல் பதனிடும் தொழிலுக்கென நெல்லைப் பகுதியிலிருந்து வந்தோர் அவருக்கு நெடுநாள் முன்னரே அங்கு வேரூன்றியிருந்தனர். கோலி மீனவர்களின் குப்பமும் அதைச் சூழ்ந்த கழிமுகச் சதுப்புமாக இருந்த நிலத்தில் மண்ணும் குப்பையும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் எழுந்தது தாராவி. "அழுத்தி மிதித்தால் கடல் கசியும் ஊர் இது" என்று தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வார். அது வேடிக்கையன்று என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டோம்.

வேனிற்காலத்தில் அந்த வீட்டிற்குள் உறங்குதல் இயலாது. சந்தின் முனையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு தகப்பனார் படுத்திருப்பார். நாங்கள் பிள்ளைகள் கீழே பாயில். அந்நாளில் பம்பாய் என்றே வழங்கிய இந்நகரின் வானத்தில் அப்போது விண்மீன்கள் மிச்சமிருந்தன. சித்திரை என்பது மாதத்தின் பெயர் மட்டுமன்று, அதோ தெரியும் அந்த வெண்மீனின் பெயர் என்றும், சோதி அதற்கு வடக்கே பொன்னிறமாக நிற்பது என்றும், கேட்டை செந்நிறமாகப் பின்னிரவில் ஏறிவரும் என்றும் அவர் சொல்லித் தந்தார். பள்ளியில் அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரையே. விண்மீன் கணக்கோ, ஊரில் இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சியபோது தம் தகப்பனாரிடம் கற்றது.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. முன்பக்கங்களில் பற்று வரவு. பின்பக்கங்களில் வானத்துச் செய்தி. முதல் மழை எந்நாளில் பெய்தது, சந்தில் எந்தப் படி வரை நீர் ஏறியது, எரிமீன் விழுந்தது எந்தத் திசையில் என்று ஓரிரு வரிகளில் குறித்து வைப்பார். எரிமீனை ஊர்வழக்கில் 'கொள்ளி' என்பார். கொள்ளி விழுவதைக் கண்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லையேல் தீங்கு நேரும் என்பது எங்கள் ஆச்சி வகுத்த விதி. தாராவிச் சந்தில் பச்சை மரத்திற்கு எங்கே போவது? எதிர்வீட்டார் எண்ணெய்த் தகரத்தில் வைத்து வளர்த்த ஒரு முருங்கைக் கன்றே எங்கள் சந்திற்கு நேரவிருந்த தீங்குகள் அனைத்தையும் பல ஆண்டுகள் தாங்கி நின்றது.

அச்சம் வானத்திலிருந்து வருவது புதிதன்று. 1962-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எட்டுக் கோள்கள் ஒரே இராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடே நடுங்கியது. எங்கும் வேள்விகள் நடந்தன. உலகம் அழியவில்லை. 1979-ஆம் ஆண்டு ஜூலையில் ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்ணாய்வுக் கூடம் சிதைந்து விழப்போகிறது என்றபோதும் அவ்வாறே மக்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கலங்கினர். அதன் துண்டுகள் இந்துமாக் கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் விழுந்தன. எங்கள் குடும்பத்தில் ஒரு பகுதி செம்பூருக்குக் குடிபெயர்ந்ததும் அவ்வாண்டில்தான். தம்பி குடும்பம் தாராவி வீட்டிலேயே தங்கிற்று.

அதே 1979-ஆம் ஆண்டில், நாம் எவரும் அறியாமல், வேறொரு கணக்கும் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 என்னும் செயற்கைக்கோள் துருவக் கடல்களின்மேல் மிதக்கும் பனிப்பரப்பை இடைவிடாது அளக்கத் தொடங்கிற்று. துருவத்து நீண்ட இரவையும் மேகத்தையும் ஊடுருவிப் பனியைக் காணும் கருவி அதில் இருந்தது. ஸ்கைலாப் விழும் என்று மேலே பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, மேலிருந்து கீழே பார்க்கும் ஒரு கண் பிறந்துவிட்டது தெரியவில்லை.

இனிப் பேத்தியின் கேள்விக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு, மழைக்காலம் முடியும் தறுவாய். பத்து வயதுப் பெண். பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் இந்தியும் மராத்தியும், வீட்டில் எங்களோடு மட்டும் தமிழும் பேசுபவள். துருவத்துப் பனி உருகுவதைப் பற்றி அன்று வகுப்பில் பாடம் நடந்திருக்கிறது. மாலையில் வந்ததும், புத்தகப் பையைக்கூட இறக்காமல், "தாத்தா, பனியெல்லாம் உருகிப் போனா நம்ம தாராவி வீடு என்ன ஆகும்?" என்றாள். செம்பூர் வீட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. நாங்கள் இருப்பது நான்காம் மாடி. தாராவி வீடு தரைமட்டம். அங்குதான் அவளோடு ஒத்த வயதுடைய தம்பியின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றனர்.

விடை தெரியாத கேள்விக்கு முதியோர் செய்வதையே நாங்களும் செய்தோம்; தெரிந்த ஒன்றைக் கொண்டு தொடங்கினோம். எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் பனிக்கட்டிகளை இட்டு, அவை மிதக்கும்படி விளிம்பு வரை நீர் ஊற்றி, "இது உருகினால் நீர் வழியுமா?" என்றோம். வழியும் என்றாள். காத்திருந்தோம். கட்டி முழுதும் கரைந்தது. ஒரு துளியும் வழியவில்லை. மிதக்கும் பனி தன் எடைக்கு ஈடான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. உருகும்போது அவ்விடத்தையே நிரப்புகிறது. துருவக் கடலில் மிதக்கும் பனியும் அத்தகையதே. அவள் முகம் மலர்ந்தது. "அப்ப ஒண்ணும் ஆகாது!" என்று எழுந்து போகப் பார்த்தாள்.

அவளை அவ்வளவில் விட்டிருக்கலாம். ஆயினும் பாதி உண்மையைச் சொல்லிக் குழந்தையை மகிழ்வித்தல் தகாது என்று வீட்டு அம்மையார் கூறவே, இரண்டாம் முறையும் தம்ளரை நிரப்பினோம். இம்முறை பனிக்கட்டிகளை நீரில் இடாமல் வடிகட்டியில் வைத்து, தம்ளரின் வாய்மேல் நிறுத்தினோம். அது உருகியபோது தம்ளர் வழிந்து மேசை நனைந்தது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் அடுக்கடுக்காகக் கிடக்கும் பனி இவ்வகையைச் சேர்ந்தது. அது கரைந்து கடலில் இறங்குவதாலும், வெப்பமுற்ற கடல்நீர் விரிவதாலும் 1900-ஆம் ஆண்டிற்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் அளவு, அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, உயர்ந்துள்ளது. உயர்வின் வேகமும் கூடிவருகிறது.

"அப்ப மிதக்கிற பனி உருகினா பரவாயில்லையா?" என்றாள். இதற்கு விடை தாராவி வீட்டின் கூரையிலேயே இருந்தது. தகப்பனார் ஆண்டுதோறும் பங்குனியில் தகரக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார். ஓராண்டு ஒழுக்கை அடைக்கவென்று கூரை முழுவதும் தார் பூசினோம். ஒழுக்கு நின்றது, ஆனால் அந்த வேனிலில் வீடு அடுப்பாயிற்று. வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பும், கருமை வாங்கிக்கொள்ளும். பனித்தூவி மூடிய கடற்பனி, தன்மேல் விழும் கதிரொளியில் நூற்றுக்கு எண்பது பங்கு வரையில் விண்ணுக்கே திருப்பிவிடுகிறது. திறந்த கடலோ நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் திருப்பும். எஞ்சிய வெப்பத்தை விழுங்கிக்கொள்ளும். பனி விலக விலகக் கடல் வெப்பமுறும். கடல் வெப்பமுறப் பனி மேலும் விலகும். உலகத்தின் சுண்ணாம்புக் கூரை தார்க் கூரையாக மாறிவருகிறது என்று சொன்னால் மிகையாகாது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமுற்றிருப்பதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

கணக்கையும் சொல்லிவிடுவோம். வடதுருவக் கடலின் பனி ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் மிகக் குறுகும். 1979-இல் அப்படிக் குறுகிய காலத்திலும் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. 2012 செப்டம்பரில் எஞ்சியது சுமார் 34 லட்சம்; இந்திய நாட்டின் பரப்பைவிடச் சற்றே மிகுதி, அவ்வளவே. ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் உண்டு. ஆயினும் மிகக் குறைந்த பனி கண்ட ஆண்டுகள் யாவும் 2007-ஆம் ஆண்டு முதற்கொண்டே அமைந்துள்ளன. தென்துருவக் கடல் 2014 வரை இதற்கு மாறாகச் சற்றே பனி பெருகி நின்று, அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. பின் அதுவும் சரிந்தது. பேத்தி கேள்வி கேட்ட அதே 2023 செப்டம்பரில், பனி மிகுந்திருக்க வேண்டிய தென்துருவக் குளிர்காலத்தின் உச்சத்தில், அதுவரை கண்ட குறைந்த அளவைவிடவும் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் குறைந்து காணப்பட்டது.

இவை எங்கோ நிகழ்பவை என்று கொள்வதற்கில்லை. கோவாவின் வாஸ்கோ நகரில் இயங்கும் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நம் நாட்டின் துருவ ஆய்வுகளை நடத்தி வருகிறது. அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி என்னும் இரு நிலையங்களும், ஆர்க்டிக்கில் நார்வேக்குரிய சுவால்பார்டு தீவில் 2008-இல் திறக்கப்பட்ட ஹிமாத்ரியும் அதன் பொறுப்பில் உள்ளன. அம்மைய அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்று, காரா கடல் என்னும் ஆர்க்டிக் பகுதியில் கோடையில் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதத்தில் அளவு கடந்த மழை பெய்வதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று காட்டிற்று. பனி நீங்கிய கடலிலிருந்து எழும் வெப்பம் மேல்வானக் காற்றோட்டத்தை மாற்ற, வெப்பமுற்ற அரபிக்கடலின் ஈரமும் அதனோடு சேர்கிறது என்பது அவர்கள் கருத்து. வடதுருவத்தில் கூரை ஒழுகினால் நம் முற்றம் நனையக்கூடும் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

முற்றம் நனைவது எத்தகையது என்பதைத் தாராவி வீடு அறியும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று, சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் 100 மில்லிமீட்டர்கூடப் பெய்யவில்லை. மித்தி ஆறு கரை கடந்தது. கடல் ஏற்றமும் சேர்ந்ததால் நீர் வடிய வழியில்லை. இரவு முழுவதும் தம்பி குடும்பத்தார் பரண்மேல் அமர்ந்திருந்தனர். உயிர்ச்சேதம் எங்களுக்கு இல்லை. அதற்கு இன்றும் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். மறுநாள் நீர் வடிந்தபின் சேற்றிலிருந்து எடுத்தவற்றுள் தகப்பனாரின் நோட்டும் இருந்தது. அவர் முந்தைய ஆண்டில்தான் காலமானார். மை முழுதும் கரைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் கூழாய்க் கையோடு வந்தது. முன்பக்கத்துப் பற்று வரவு போனதில் வருத்தமில்லை. ஐம்பது ஆண்டு மழைக் கணக்கும் கொள்ளிக் கணக்கும் போயின. எந்த ஆண்டில் எந்தப் படி வரை நீர் ஏறிற்று என்று சொல்ல இன்று எங்கள் சந்தில் எவருமில்லை.

அந்த வெள்ளத்தைத் துருவப் பனியின் தலையில் சுமத்துவது முறையாகாது. ஆற்றின் அகலத்தைக் குறுக்கியதும், அலையாத்திக் காடுகளை அழித்ததும், பழைய வடிகால்களைப் புதுப்பியாமல் விட்டதும் மனிதர் செய்த பிழைகள். அப்பிழைகளின்மேல் கடல் ஒரு சாண் உயர்ந்து நின்றால் என்னாகும் என்பதே பேத்தியின் கேள்வி. அன்று அவளுக்கு முழு விடை சொல்ல எங்களால் இயலவில்லை. அதற்கு மாறாக, "உன் கொள்ளுத் தாத்தா வானத்தைப் பார்த்துக் கணக்கு எழுதுவார், நாமும் எழுதுவோமா?" என்று கேட்டோம். கேட்ட பின்னர்தான், எந்த வானத்தைப் பார்ப்பது என்ற கவலை பிறந்தது.

எரிமீன் மழையைக் காண மும்பையிலிருந்தோர்க்கு ஆண்டில் சிறந்த இரவுகள் டிசம்பர் 13, 14 ஆகிய நாட்களில் வாய்க்கின்றன. ஆகஸ்டு மாதத்துப் பெர்சியசு மழை உலகப் புகழ் பெற்றதாயினும் நம் வானம் அப்போது பருவமேகத்தால் மூடிக் கிடக்கும். டிசம்பர் மழையோ மேகமற்ற குளிரிரவில், நாம் புனர்பூசம் என்று வழங்கும் இரட்டை மீன்களின் அருகிலிருந்து புறப்படுவதுபோல் தோன்றும். 2023-ஆம் ஆண்டில் அமாவாசை டிசம்பர் 12 அன்று வந்தமையால் நிலவின் இடையூறும் இல்லை. செம்பூரில் எரிமீன் பார்க்க இயலாது. நகர வெளிச்சமும் தொழிற்சாலைப் புகையும் வானத்தைச் சாம்பல் பூசி வைத்திருக்கின்றன. 1985-இல் ஹாலி வால்மீன் வருகையை ஒட்டித் தோன்றிய ககோல் மண்டல் என்னும் மும்பை வானியல் ஆர்வலர் குழுவினர் பல்லாண்டுகளாக மக்களை வாங்கணிக்கு அழைத்துச் சென்று வானம் காட்டி வருகின்றனர் என்று கேள்விப்பட்டிருந்தோம். நாங்களும் அவ்வழியையே தேர்ந்தோம்.

டிசம்பர் 14 மாலை, செம்பூரிலிருந்து குர்லா சென்று, கர்ஜத் உள்ளூர் வண்டியைப் பிடித்தோம். தம்பியின் பேரப்பிள்ளைகள் இருவரும் உடன் வந்தனர். புளியோதரையும், பிளாஸ்கில் சுக்குக் காப்பியும், இரண்டு பாய்களும், கம்பளியும் எங்கள் கருவிகள். அலுவலகம் விட்டுச் செல்லும் கூட்டத்தில் இடிபட்டு நின்ற எங்களிடம் ஒரு மராத்தி அம்மையார், "பாயைச் சுருட்டிக்கொண்டு எந்தத் திருமணத்திற்கு?" என்று கேட்டார். எரிமீன் பார்க்க என்றதும், பிள்ளைகளுக்குத் தம் இடத்தை விட்டுக் கொடுத்தார்.

வாங்கணியில் இறங்கி, தெரிந்தவர் ஒருவரின் வயல் வரப்பருகே பாய் விரித்தோம். முதல் பதினைந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைகள் சலித்தனர். கண் இருளுக்குப் பழக அரை மணியாவது வேண்டும். அதுவரை கைப்பேசியைத் தொடலாகாது. பிறகு ஒவ்வொன்றாக வானம் வந்து நின்றது. தலைக்கு மேலே கார்த்திகை அறுமீன். அதனருகே செம்மை படர்ந்த உரோகிணி. கிழக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும். மேற்கே சாய்ந்து வியாழன். தகப்பனார் சொன்ன பெயர்கள் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாவில் தாமே எழுந்தன. இவை திருமண இதழில் அச்சிடும் நட்சத்திரப் பெயர்கள் மட்டுமே என்று எண்ணியிருந்த பேத்தி, "திருவாதிரை நிஜமாவே இருக்கா!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குப் பிறகு முதற் கொள்ளி விழுந்தது. பின் ஒன்று, சற்று இடைவெளி விட்டு இரண்டு சேர்ந்தாற்போல். சில கீற்றாய் மறைந்தன. ஒன்று மஞ்சள் ஒளியுடன் வானத்தின் பாதியைக் கடந்து, பிள்ளைகள் மூவரையும் ஒரே குரலில் கத்த வைத்தது. மணற்பருக்கை அளவும் பட்டாணி அளவும் உள்ள துகள்கள், நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் புகுந்து, 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து தீர்வதுதான் இக்காட்சி. இத்துகள்கள் 1983-இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள் உதிர்த்தவை. ஏனைய எரிமீன் மழைகளுள் பெரும்பாலானவை வால்மீன்கள் உதிர்த்தவை.

இவ்வுண்மை உலகிற்கு விளங்கிய வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. பியலா என்னும் வால்மீன் 1846-இல் இரண்டாகப் பிளந்தது; 1852-க்குப் பிறகு காணாமற் போயிற்று. 1872 நவம்பர் 27 இரவு, அது போன வழியைப் பூமி கடந்தபோது ஐரோப்பிய வானில் எரிமீன்கள் ஆயிரக்கணக்கில் பொழிந்தன. ஜெர்மனியின் கிளிங்கர்ஃபூஸ் என்னும் வானியலார், உடைந்த வால்மீன் பூமியை உரசிச் சென்றிருக்க வேண்டும், அது தென்வானில் தெரியக்கூடும் என்று கணித்து, சென்னை வான்காணகத்தில் இருந்த போக்சனுக்குத் தந்தி அடித்தார். டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு விடியற்காலைகளில் போக்சன் ஒரு வால்மீனைக் கண்டார். அதன்பின் அது அகப்படவில்லை. அவர் கண்டது பியலாதானா என்னும் ஐயம் இன்றும் தீரவில்லை. ஆயினும் ஓர் ஊரில் கண்ட எரிமீனுக்கு மற்றோர் ஊரில் விடை தேடிய அந்தத் தந்தி எங்கள் மனத்தை விட்டு அகல்வதில்லை.

இதைவிடப் பழைய கணக்கொன்று நம்மிடமே உண்டு. கூடலூர் கிழார் பாடிய புறநானூற்று 229-ஆம் பாட்டு, பங்குனித் திங்களின் இரவொன்றில் மீன் ஒன்று எரிந்து வீழக் கண்டு, தம் சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன நேருமோ என்று அஞ்சியதையும், ஏழாம் நாளில் அம்மன்னன் இறந்ததையும் கூறுகிறது. மீன் விழுந்ததால் மன்னன் மாண்டான் என்று நாம் இன்று ஏற்பதற்கில்லை. ஆயினும் அப்புலவர் மாதத்தைக் குறித்தார், அவ்வேளையில் எந்தெந்த மீன் எங்கெங்கே நின்றது என்று குறித்தார், நாட்களை எண்ணினார். அஞ்சியபோதும் அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவர் பயன்படுத்திய அளவுகோல் பிழையாக இருக்கலாம். கண்டதைக் குறிக்கும் அவர் ஒழுக்கம் பிழையன்று. அதே ஒழுக்கந்தான் 1979 முதல் பனியை எண்ணி வருவோரிடம் இருப்பது. வேறுபாடு ஒன்றுண்டு: அன்றைய குறி ஒளியோடு வந்தது, அனைவரும் கண்டனர், ஆனால் அதில் பொருளில்லை. இன்றைய குறியில் பொருள் இருக்கிறது, ஒளியுமில்லை, ஒலியுமில்லை.

அந்த இரவில் பேத்தி மற்றொன்றும் கேட்டாள்: விழுந்த கல்லெல்லாம் எங்கே? அவள் கண்ட துகள்கள் வானிலேயே தீர்ந்தவை. ஆனால் பெரிய கற்கள் தரையைத் தொடுவதுண்டு. உலகில் இதுவரை கண்டெடுத்த விண்கற்களில் பாதிக்கு மேற்பட்டவை அண்டார்க்டிகாவின் வெண்பனியில் கிடைத்தவை. கருங்கல் அங்கே எளிதிற் புலப்படும். பனி வெப்பமுற்று வருவதால் அக்கற்கள் இப்போது மறைகின்றன. கருமையால் கதிரொளியை வாங்கிச் சூடேறும் கல், தன் அடியிலுள்ள பனியை உருக்கி உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. ஆண்டிற்கு ஏறத்தாழ 5,000 விண்கற்கள் இவ்வாறு கைக்கெட்டாமல் போகின்றன என்று 2024-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இதைப் படித்தபோது எங்களுக்குச் சேற்றில் கரைந்த அந்த நோட்டு நினைவிற்கு வந்தது. கோடானுகோடி ஆண்டுகளாக வானம் எழுதிவைத்த கணக்கும் நீரில்தான் அழிகிறது.

விடியற்காலை முதல் வண்டியில் திரும்பினோம். மூவர் எண்ணியதையும் ஒப்பிட்டு, இருமுறை எண்ணியவற்றை நீக்கி, மொத்தம் 61 என்று முடிவு செய்தோம். மாதுங்காவில் வாங்கிய நாற்பது பக்க நோட்டின் முதற்பக்கத்தில் பேத்தி தமிழில் எழுதினாள்: நாள், இடம், நேரம், எண்ணிக்கை. 'எரிமீன்' என்பதில் றகரம் இட்டிருந்தாள், திருத்திக் கொடுத்தோம். அடுத்த பக்கத்தைத் தாராவிப் பிள்ளைகள் கேட்டு வாங்கினர். அவர்கள் வீட்டு வாசற்படிகள் மூன்று. அடுத்த மழைக்காலம் முதல் எந்தப் படி வரை நீர் ஏறுகிறது என்று அவர்கள் எழுதி வருகின்றனர். கொள்ளுத் தாத்தாவின் கணக்கு அறுபட்ட இடத்தில் இந்தக் கணக்கு தொடங்கியிருக்கிறது.

அவள் கேள்விக்கு விடை இன்னும் முழுமையாக எங்களிடம் இல்லை. தாராவி வீட்டை விற்றுவிடலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். ஐம்பதாண்டுக்கு மேல் குடியிருந்த இடத்தை விட்டு எங்கே போவது என்றார் தம்பி. இரண்டும் நியாயமாகவே படுகின்றன. தாராவியை மீளக் கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கும் இந்நாளில், அடித்தளம் எவ்வளவு உயரம், மழைநீர் எவ்வழியே போகும், ஆற்றங்கரையில் அலையாத்தி மிஞ்சுமா என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு. அப்படிக் கேட்கும்போது வெறுங்கையோடு நிற்காமல், நம் சந்தின் கணக்கை நீட்டிக் கேட்கலாம் அல்லவா?

சங்கத்து அன்பர்கள் வரும் டிசம்பரில் பிள்ளைகளை ஓரிரவு நகருக்கு வெளியே அழைத்துச் செல்லுங்கள். பாயும் போர்வையும் போதும்; தொலைநோக்கி வேண்டா. புனர்பூசம் எது, திருவாதிரை எது என்று காட்டுங்கள். ஒரு நோட்டும் கையோடு கொண்டு போங்கள். எங்கள் பேத்தியின் நோட்டில் இன்னும் முப்பத்தாறு பக்கங்கள் மிச்சமிருக்கின்றன. அதைப் பரணின் மேல்தட்டில், ஈரம் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறோம்.